வயது அறுபத்தொன்று, நெஞ்சு இயல்பு

கம்பம்
12.9.1999

அன்புள்ள ஞானத்துக்கு,

உமர் பாருக் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கேட்ட நெஞ்சுப் படங்களை இரண்டு மூட்டையாகக் கட்டி பஸ் பார்சலில் போட்டுவிட்டேன். பழைய எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி வெள்ளி எடுக்கிற கருத்தக்கண்ணன் வழக்கம்போல வாங்க வந்தார். "இந்த வருசம் சரக்கு மெட்ராஸ் போகுதுண்ணே, படிச்சவுக கேக்குறாக" என்றேன். "படிச்சவுகளும் வெள்ளி உருக்க ஆரம்பிச்சுட்டாகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோய் சொல்லக் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்துகிறாய் என்று அவரிடம் எப்படி விளக்குவது? எனக்கே முழுசாக விளங்கவில்லை. லோயர் கேம்ப்பில் கரண்டு எடுக்கிறார்கள், பத்துப் பதினைந்து மைல் தள்ளியிருக்கிற என் எக்ஸ்ரே கடை மிஷினுக்கு வோல்டேஜ் இல்லை. நீ கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்தின் மூலையில் இருக்கிற பேரை நம்பாதே. கல்யாணமாகாத பிள்ளைகள் வந்தால் பேரை மாற்றித்தான் போடுவோம். அம்மா பேர், அத்தை பேர், யாராவது மூத்த பொம்பளை பேர். நெஞ்சுப் படம் எடுத்தாள் என்று தெரிந்தாலே டி.பி. என்று ஊர் முடிவு கட்டிவிடும். பிறகு எவன் பெண் கேட்டு வருவான்? பெரியகுளம் வரைக்கும் இதுதான் வழக்கம், முஸ்லிம்களானாலும் மற்றவர்களானாலும். உனக்கு வேண்டியது படம், பேர் எதற்கு?

மேலாக வைத்திருக்கிற உறையில் அம்மா படம் இருக்கிறது. அக்தர் பேகம், வயது 61. ஒரு மாதமாக இருமல், பொழுது சாய்ந்தால் காய்ச்சல். வாரம் ஒருமுறை இங்கே வருகிற டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. நடுநெஞ்சில் வெள்ளை கொஞ்சம் அகலமாகப் படுகிறது. உன்னோடு இருக்கிற பெரிய டாக்டரிடம் காட்டி உடனே பதில் போடு. மறந்துவிடாதே.

நம்ம தங்கச்சி ஷாஜியாவுக்கு நிக்காஹ் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை ஷானவாஸ், உத்தமபாளையம், போடியில் ஏலக்காய்க் கடை. பிப்ரவரியில் வைத்திருக்கிறோம். "ஞானண்ணே வராம நான் சம்மதம் சொல்ல மாட்டேன்" என்கிறாள். பத்தொன்பது வயதாகிறது, இன்னும் வாய்க்குப் பூட்டில்லை. வந்துவிடு.

உமர்

•

சென்னை
20.11.1999

அன்புள்ள பாருக்,

தாமதத்துக்குக் கோபிக்காதே. மூட்டைகள் பத்திரமாக வந்தன. இவ்வளவு படங்களை ஒரே இடத்திலிருந்து இந்தியாவில் யாரும் இதுவரை சேர்த்ததில்லை என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். உன்னால்தான் எனக்கு இந்த மரியாதை.

பெயரைப் பற்றிக் கவலைப்படாதே. வந்ததும் முதல் வேலையாக மூலையை மறைத்துவிட்டோம். நோயாளியின் பெயரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் விதி. வயதும், ஆணா பெண்ணா என்பதும் மட்டும் போதும்.

அம்மாவுக்கு ஒன்றுமில்லை. பெரிய டாக்டர் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். வயதானால் நெஞ்சின் பெரிய ரத்தக்குழாய் தளர்ந்து விரிந்து தெரியுமாம். நீ பார்த்த அகலம் அதுதான், அறுபத்தொரு வயதுக்கு இயல்பானது என்று எழுதிவிட்டார். இதில் எனக்கு இன்னொரு சந்தோஷம். மற்றவர்கள் எழுதிய கம்ப்யூட்டர் முறைகளில் அந்தப் படத்தைக் கொடுத்தால் நோய், நோய் என்று கத்துகின்றன. எங்கள் முறை வயதையும் சேர்த்துப் பார்ப்பதால் சும்மா இருந்தது. நாங்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரையில் அந்தப் படத்தையே எடுத்துக்காட்டாகப் போடப்போகிறோம். அம்மாவிடம் சொல்லாதே, வெட்கப்படுவார்கள்.

நிக்காஹுக்குக் கட்டாயம் வருவேன். ஷாஜியாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது.

ஞானசிகாமணி

•

கம்பம்
3.7.2000

ஞானம்,

அம்மா படத்தை உடனே அனுப்பு. நகல் வேண்டாம், அசல் வேண்டும். மதுரையில் கேட்கிறார்கள். விவரம் பிறகு.

உமர்

•

சென்னை
11.7.2000

அன்புள்ள பாருக்,

படத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு என்ன? கடைக்குப் போன் செய்தேன். யாரோ எடுத்து, "அவுக மதுரைக்குப் போயிருக்காக" என்று வைத்துவிட்டார்கள். நிக்காஹுக்கு வராததற்கு இன்னும் கோபமா? அந்த வாரம்தான் வெளிநாட்டு வேலைக்கு நேர்காணல் வைத்தார்கள் என்று தந்தி கொடுத்தேனே.

கட்டுரையை அமெரிக்கப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பிவிட்டோம். பதில் வர ஒரு வருடம் ஆகும். இரண்டு வரி எழுதிப் போடு.

ஞானசிகாமணி

•

மான்செஸ்டர்
5.3.2002

அன்புள்ள பாருக்,

ஷாஜியா போய்விட்டாள் என்பது அனுமந்தன்பட்டியிலிருந்து என் அம்மா போனில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் ஒரு வருடம் கழித்து. என்ன நோய் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நல்லாத்தேன் இருந்துச்சு, கல்யாணமாகி நாலு மாசத்துல கழுத்து வீங்குச்சு" என்று அழுதார்கள். நீ ஏன் எனக்கு எழுதவில்லை? என்னையும் அண்ணே என்றுதானே கூப்பிட்டாள்? இங்கே இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் அறையில் கிடந்தேன்.

இந்த நேரத்தில் இதை அனுப்பலாமா என்று யோசித்தேன். கட்டுரை அச்சாகிவிட்டது. கடைசியில் நன்றி சொன்ன இடத்தில் உன் பெயர் இருக்கிறது. அமெரிக்கப் பத்திரிகையில் கம்பம் என்ற சொல் வந்திருக்கிறது, பார். நான்காவது படம் உன் அம்மாவுடையது. அவர்கள் உடம்பு இப்போது எப்படி இருக்கிறது?

ஞானசிகாமணி

•

கம்பம்
2.4.2002

ஞானம்,

நீ அனுப்பிய கட்டுரையில் இருக்கிற நான்காவது படம் அம்மாவுடையது அல்ல. ஷாஜியாவுடையது.

இருமலும் காய்ச்சலும் அவளுக்குத்தான். கடையைச் சாத்தினதும் கூட்டிவந்து நானே எடுத்தேன். அம்மா பேரை நானே போட்டேன். பேரை மாற்றினால் வயதையும் மாற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பார்க்கிற டாக்டரே கேட்டுவிடுவார். உன்னிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பாய். தபாலை எத்தனை கை பிரிக்கும் என்று யாருக்குத் தெரியும்? உன் அம்மா காதுக்குப் போனால் அனுமந்தன்பட்டியிலிருந்து உத்தமபாளையத்துக்கு எவ்வளவு தூரம்? நிக்காஹ் முடியட்டும் என்று இருந்தேன். நீ வேறு ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டாய். அன்றைக்கு நான் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

மதுரையில் டாக்டர் நீ அனுப்பிய படத்தையும் அங்கே எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். "இது யாரு படம்?" என்றார். "இவ படந்தேன் சார்." "அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு?" அப்போது அவளுக்குப் பத்தொன்பது என்றேன். "ஏய்யா, பத்தொம்பது வயசுப் பிள்ளைக்கு நெஞ்சுல இது இருந்தா அன்னைக்கே சதைய எடுத்துப் பாத்திருப்பாகளே. இது ஆரம்பத்துல வந்தா குணமாகுற புத்துநோய்யா" என்றார். ஷாஜியா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கும்.

ஷானவாஸ் வீட்டில் "நோய்க்காரிய மறைச்சுக் கட்டி வச்சிட்டாக" என்று சொல்லி அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு நாக்கு இல்லை. மறுவருஷம் ஜனவரியில் மௌத்தாகிவிட்டாள்.

நீ எழுதியதில் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியவில்லை. படத்துக்குக் கீழே இருக்கிற ஒரு வரி புரிந்தது. அறுபத்தொரு வயதுப் பெண், இயல்பான நெஞ்சு என்று போட்டிருக்கிறாய். அதை அடி. பத்தொன்பது வயது, நோய் இருக்கிறது என்று போடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை.

உமர்

•

மான்செஸ்டர்
9.6.2002

பாருக்,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் இருந்துவிட்டேன்.

நீ பெயர் மாற்றுவதைத்தான் எழுதினாய். வயது மாற்றுவதை எழுதவில்லை. நான் பழி போடவில்லை. ஆனால் நீயும் என்மேல் போடாதே. வயதை வைத்துத்தான் அந்த முறையே நிற்கிறது. ஒரு வரி எழுதியிருந்தால் மூட்டையை அப்படியே கருத்தக்கண்ணனிடம் திருப்பி அனுப்பியிருப்பேன்.

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், விட்டுவிட்டேன். அதுவும் என் மனதில் இருப்பதுதானே. பெயரை மாற்றுகிறவன் வயதை மாற்றாமல் இருப்பானா என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். பேராசிரியர் பாராட்டிக்கொண்டிருந்தார், யோசிக்கத் தோன்றவில்லை.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அந்த மூட்டையில் வேறு எந்தெந்தப் படங்களில் வயது மாறியிருக்கிறது? உனக்கு நினைவிருப்பதை எழுது. ஒரு படம் என்றால் திருத்தலாம். நிறைய என்றால் கட்டுரையே நிற்காது. கொஞ்சம் அவகாசம் கொடு.

ஞானசிகாமணி

•

கம்பம்
18.8.2004

ஞானம்,

நீ அவகாசம் கேட்டு இரண்டு வருஷமாகிறது. உன் அம்மா சந்தையில் சமீனாவைப் பார்த்து, "எம்மகன் எழுதுனத நாப்பது பேரு எடுத்துச் சொல்லியிருக்காகளாம்" என்று பூரித்துப் போனார்களாம். என் வீட்டுக்காரி தலையாட்டிவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். அந்த நாற்பது பேரில் ஒருத்தராவது இந்தப் பொம்பளை யார், இப்போது உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டார்களா?

எந்தெந்தப் படம் என்று கேட்டிருந்தாய். எனக்கு நினைவில்லை. ஐந்தாறு வருஷத்துக்கு முந்தின படம். எத்தனை பிள்ளைகள் எத்தனை கிழவிகளின் வயதில் அதற்குள் கிடக்கிறார்கள் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அவர்களெல்லாம் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. சில பேரைக் கடைத்தெருவில் பிள்ளைகுட்டியோடு பார்க்கிறேன். சில பேரைப் பார்க்கவில்லை.

உமர்

•

மான்செஸ்டர்
30.1.2005

பாருக்,

பேராசிரியரிடம் சொன்னேன். கட்டுரையில் அவர் பெயரும் இருக்கிறது, அவர் சம்மதம் இல்லாமல் நான் ஒன்றும் செய்ய முடியாது. "ஆயிரம் படத்தில் பத்து தப்பாக இருந்தால் குடி முழுகாது" என்றார். பத்துதானா என்று எனக்குத் தெரியாதே என்றேன். "அப்படியானால் கேட்காமல் இரு" என்று சொல்லிவிட்டார்.

இங்கே எப்படி நடக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒருவன் எத்தனை கட்டுரை எழுதினான், அவற்றை மற்றவர்கள் எத்தனை கட்டுரையில் எடுத்துக் காட்டினார்கள், இரண்டும் கணக்கு. அதை வைத்துத்தான் வேலை, பதவி எல்லாம். நம் ஊர் மொய் போலத்தான். நீ என்னைக் காட்டினால் நான் உன்னைக் காட்டுவேன். நான் முப்பதுக்கு மேல் கட்டுரை எழுதிவிட்டேன். மற்றதையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒன்றின் பக்கத்தில் வராது. அந்த மூட்டைப் படங்களைப் பேராசிரியர் கேட்கிற ஆய்வுக்கூடத்துக்கெல்லாம் நகலெடுத்துக் கொடுத்துவிட்டார். புதிதாக ஒரு முறை கண்டுபிடிக்கிறவன் எங்களோடு ஒப்பிட்டுத்தான் தன்னுடையது மேல் என்று காட்ட வேண்டியிருக்கிறது.

போன மாதம் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் அரைமணி நேரம் பேசினார்கள். நான்காவது படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஞானசிகாமணி

•

கம்பம்
7.11.2006

ஞானம்,

அம்மாவுக்கு இப்போது சித்தம் ஒரு நேரம் போல் ஒரு நேரம் இல்லை. இருமல் வந்தால் எனக்குப் பகீர் என்கிறது. நேற்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "எலே, எம் பேரு போட்டுத்தானே படம் எடுத்த? அப்ப மௌத்துக்கு என்னையல்ல கூப்பிட்டுருக்கணும். அவளை எதுக்குக் கூப்பிட்டாக?" என்று கேட்டார்கள். பக்கத்தில் சமீனா இருந்தாள். எழுந்துபோய் அம்மாவுக்கு வெந்நீர் கொண்டுவந்தாள்.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. நல்ல மனசினால் அல்ல, சலித்துப் போய்விட்டது. நீ ஒரு வரி மாற்ற இத்தனை வருஷம் ஆகிறதென்றால், நீ மாற்றப் போவதில்லை. உன் நிலையில் இருந்தால் நானும் மாற்றியிருக்க மாட்டேனோ என்னவோ. பத்திரிகைக்கு நானே எழுதலாமா? இங்கிலீஷில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள். விலாசம் மட்டும் அனுப்பு.

உமர்

•

மான்செஸ்டர்
14.10.2007

பாருக்,

நீ எழுத வேண்டாம். நான் எழுதிவிட்டேன். பேராசிரியர் போன வருடக் கடைசியில் இறந்துவிட்டார். அவர் இருக்கும்வரை நான் காத்திருந்தேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திருத்தம் இந்த மாத இதழில் வந்திருக்கிறது, வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். அரைப் பக்கம்கூட இல்லை. நான்காவது படத்தில் இருப்பவருக்கு வயது பத்தொன்பது, நோய் இருந்தது, முறை அதைத் தவறவிட்டது, தொகுப்பில் உள்ள மற்றப் பெண்களின் வயதையும் நம்ப முடியாது என்று எழுதினேன். ஷாஜியா என்று போடக் கேட்டேன். நோயாளியின் பெயர் போடுவதில்லை என்று மறுத்துவிட்டார்கள்.

இதனால் என் பதவிக்கு ஒன்றும் வரவில்லை. வரும் என்று பயந்துதான் இத்தனை வருடம் தள்ளினேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞானசிகாமணி

•

மான்செஸ்டர்
21.8.2010

பாருக்,

உன் அம்மா காலமான செய்தி கிடைத்தது. எனக்குச் சோறு போட்ட கை. அவர்கள் போகும்போதாவது நான் வந்திருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

திருத்தம் என்ன ஆனது என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு சொல்கிறேன். அது வந்து மூன்று வருடம் ஆகிறது. இதற்குள் அந்தப் பழைய கட்டுரையை எடுத்துக் காட்டியவர்கள் நானூறைத் தாண்டிவிட்டார்கள். திருத்தத்தை எடுத்துக் காட்டியது ஒரே ஒரு கட்டுரை. அது நான் எழுதியது.

கட்டுரையையே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று பத்திரிகைக்கு எழுதினேன். திருத்தம்தான் வந்துவிட்டதே, போதும் என்றார்கள். புதிதாக எழுதுகிறவர்களுக்குத் தனித்தனியாகக் கடிதம் போட்டேன். மரியாதையாகப் பதில் எழுதுகிறார்கள். எல்லோரும் இந்தப் படங்களைத்தான் வைத்திருக்கிறார்கள், நாங்கள் மட்டும் வேறு வைத்தால் ஒப்பிட முடியாது என்கிறார்கள். அவர்கள் முறைகளெல்லாம் இப்போது நான்காவது படத்தைப் பார்த்தால் சும்மா இருக்கின்றன. சும்மா இருக்கத்தான் நாங்கள் கற்றுக்கொடுத்தோம். இதற்குமேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஞானம்

•

கம்பம்
19.9.2010

ஞானம்,

உன் கடிதம் கிடைத்தது. இனிமேல் எத்தனை பேர் என்று எனக்கு எழுதாதே. நீ எழுத்தில் போட்டும் யாரும் படிக்கவில்லை என்கிறாய். நான் இங்கே வாயால் சொல்லிப் பார்த்தேன்.

போன வியாழக்கிழமை சின்னமனூர்ப் பக்கமிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். பேர் கேட்டேன். மாயக்காள் என்றது தாய். வயது கேட்டேன். நாற்பத்தெட்டு. "ஆத்தா, படம் ஒனக்கா, பிள்ளைக்கா?" என்றேன். "பிள்ளைக்குத்தேன். எம் பேரப் போடுங்க. தை மாசம் கல்யாணம்" என்றது. "பேரு என்னவும் போட்டுக்கிறேன், வயசை மட்டும் பிள்ளை வயசாப் போடுறேன்" என்றேன். "எம் பேரு போட்டு அவ வயசு போட்டா, பாக்குறவுகளுக்குத் தெரியாதா?" என்று திருப்பிக் கேட்டது. பத்துப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் போட்ட அதே கணக்கு.

என் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். வெளி ஆளிடம் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல்தடவை. முழுசாகக் கேட்டது, முந்தானையால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டது. பிறகு, "ஒங்க வீட்டுல நடந்துச்சுன்னா எங்க வீட்டுலயும் நடக்கணும்னு இருக்காய்யா? வாடி, பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல புது மிஷின் வந்திருக்காம், அங்கன சொன்ன பேரப் போடுறாகளாம்" என்று எழுந்துவிட்டது.

அந்தப் பிள்ளை இருமிக்கொண்டே படி இறங்கியது. கூப்பிட்டு நிறுத்தலாம் என்று வாசல் வரைக்கும் ஓடினேன். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

உமர்